கம்பெனி ஃபிளாட்டும் ஒரு காவலாளியும்

ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம், சத்யஜித் ராயின் ‘சீமாபத்தா’வைப் பாருங்கள் என்று விடாமல் சொல்லி வருகிறேன். வங்காள எழுத்தாளர் சங்கரின் நாவலை வைத்து 1971-இல் எடுத்த வங்காளப் படம், கறுப்பு வெள்ளை.

கல்கத்தாவில் மின்விசிறி செய்யும் கம்பெனியில் ஷ்யாமளேந்து சேல்ஸ் மேனேஜர். கம்பெனி ஃபிளாட், கிளப், பார்ட்டி எல்லாம் இருக்கிறது, பாக்கி டைரக்டர் பதவிதான். அந்த நேரம் பார்த்து ஈராக்குக்குப் போகவேண்டிய மின்விசிறிகளில் குறை தெரிகிறது. தேதி தவறினால் அபராதம், ஆனால் தொழிற்சாலையில் கலவரம் என்றால் ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. சரி, கலவரத்தை நாமே உண்டாக்கிவிடலாம் என்று முடிவாகிறது. குண்டு வெடித்து ஒரு காவலாளி காயப்படுகிறார், ஷ்யாமளேந்து டைரக்டர் ஆகிறார்.

இது எனக்குத் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் மேலே இருப்பவர்கள் யாரும் தப்பு செய் என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள், “ஏதாவது வழி பாருங்கள்” என்பார்கள், அவ்வளவுதான், வழியைக் கண்டுபிடித்தவனுக்கு அந்த வருஷம் நல்ல இன்கிரிமென்ட். ராய் 1943-இலிருந்து பல வருஷம் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அந்த அறைகளில் எது சொல்லப்படும், எது சொல்லாமல் விடப்படும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வசதிக்கு அப்பால் வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்று தேடும் படங்களில் பணக்காரர் எல்லாவற்றையும் உதறிவிட்டு எங்கோ கிளம்பிவிடுவார். இதில் யாரும் எங்கும் போவதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். பாட்னாவிலிருந்து வந்திருக்கும், ஷ்யாமளேந்துவின் மனைவியின் தங்கை டுட்டுல் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறாள், கடைசியில் அவர் கட்டிக்கொள்ளக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறாள். திட்டவில்லை, அழவில்லை. ஷர்மிளா தாகூர் அதைச் செய்யும் விதத்துக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கலாம்.

படம் பார்த்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர், “அவர் வேற என்ன சார் செய்திருக்க முடியும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி, எங்கள் வேலையில் தினமும் எழுகிற கேள்வி. வாங்குபவருக்குக் குறையை எழுதி, அவகாசம் கேட்டிருக்கலாம் என்றேன். மறுத்தால் அபராதம் கம்பெனிக்கு, அதைத் தாங்க கம்பெனியால் முடியும். ஃபிளாட்டும் கிளப்பும் அநேகமாக அப்படியேதான் இருந்திருக்கும், டைரக்டர் பதவி மட்டும் வேறொருவருக்குப் போயிருக்கும்.