பெட்ரோல் வாடை வந்தால் கிணற்றை இறைக்காதீங்க

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் சித்தி வீட்டுக் கிணற்றில் ஐப்பசி மழை முடிந்ததும் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தது. வாளியை மேலே இழுக்கும்போதே மூக்கில் ஏறும். மேட்டில் ஒரு பழைய பங்க் இருக்கிறது, அதன் நிலத்தடித் தொட்டி கசிகிறது என்று ஊரில் பேச்சு. மோட்டாரைப் போட்டு நாலு நாள் விடாமல் இறைத்தால் புது ஊற்று வந்து சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். இறைத்தால் கிணற்றில் மட்டம் இறங்கும், இறங்கினால் மேட்டில் மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பதும் நம் பக்கம் வேகமாக இழுபடும். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது, வாழைத் தோட்டத்துக்கா, குளத்துக்கா?

நிலத்தடி நீர் பல இடங்களில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். அந்த மெதுவான நடைதான் நமக்கு உதவி. அது வரும் வழியில் குறுக்கே நீளமாகப் பள்ளம் வெட்டி, சுற்றியுள்ள மண்ணைவிட எளிதாக நீர் புகும்படி இரும்புத் துகளை நிரப்பினால், தண்ணீர் தானாக உள்ளே போய்ச் சுத்தமாகி மறுபக்கம் வரும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். அமெரிக்காவில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில் 1996-இல் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்துக்கு இப்படி ஒரு சுவர் வைத்தார்கள். மின்முலாம் பட்டறையிலிருந்து இறங்கிய விஷக் குரோமியம் இரும்பைத் தொட்டதும் கரையாத வேறு வடிவமாகி அங்கேயே படிந்துவிடுகிறது. 15 வருடம் கழித்துப் பார்த்தபோதும் வேலை செய்துகொண்டிருந்தது.

ஆனால் பெட்ரோலுக்கு இரும்பு உதவாது. அதைத் தின்பது மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்கள்தான், அவற்றுக்கு ஆக்சிஜன் கிடைத்தால் போதும், மெதுவாக ஆக்சிஜனை விடும் பொருளை வழியில் புதைத்து வைப்பதும் உண்டு. அதற்கு முதலில் கசிவை அடைக்க வேண்டும், தொட்டி ஒழுகிக்கொண்டே இருந்தால் எந்தச் சுவரும் ஈடுகொடுக்காது. அப்புறம் நம்ம ஊர் மண். கடற்கரை மணலில் பள்ளம் வெட்டிவிடலாம், தக்கலைப் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே பாறை. பாறை வெடிப்புக்குள் இறங்கிய நீரைக் குறுக்கே மறிப்பது ரொம்பக் கஷ்டம்.

எதுவானாலும் தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று தெரிய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பார்த்தோம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சித்தி வீட்டையும் சேர்த்து அக்கம்பக்கத்து மூன்று வீட்டிலும் மோட்டார் போடவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்து மூன்று கிணற்றுச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் டேப்பை இறக்கி அளந்தோம். பங்க் பக்கமிருந்து குளத்தை நோக்கித்தான் சரிவு இருக்கிறது. சித்தி வீட்டுக்கு அடுத்து வழியில் இருப்பது கிழக்கு வீட்டு அக்கா கிணறு. அதில் இன்னும் வாடை இல்லை, ஆனாலும் குடிக்க எடுப்பதை இப்போதே நிறுத்தச் சொல்லி, இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.