15,000 ரூபாய்க்கு ரசீது எங்கே?
திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக் கடன் வாங்கித் தருவதாகச் சொன்ன புரோக்கர், ‘ஃபைல் சார்ஜ்’ என்று தங்கச்சி வீட்டுக்காரரிடம் 15,000 ரூபாயை முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். லோன் வரவில்லை. திருப்பிக் கேட்டால் “அலைஞ்ச கூலி சார்” என்கிறார். அலைந்ததெல்லாம் மாப்பிள்ளைதான்! வில்லங்கச் சான்று எடுத்ததும், பத்திரத்தை ஜெராக்ஸ் போட்டதும்கூட அவரே.

வங்கியின் ஏஜென்ட் என்றால் அவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கி. பிராசஸிங் கட்டணமும் வங்கிக்குத்தான் போகணும், தனியார் நம்பருக்கு இல்லை.

ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸப் பேச்சு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. இதைச் சொன்னதும் குரல் மாறி, பாதி தருகிறேன் என்கிறார். முழுசாக வேண்டும் என்று சொல்லிவிட்டோம்.