ஓகினாவாவின் மஞ்சள் நம்பர் பிளேட்

ஜப்பானின் தெற்கே உள்ள ஓகினாவா தீவு 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அங்கிருந்த அமெரிக்கப் படையினரின் சொந்த கார்களுக்கு மஞ்சள் நம்பர் பிளேட். அதில் 'பசிபிக்கின் மையக்கல்' என்ற பொருளில் ஆங்கில வாசகமும் இருக்கும். இன்னொருவர் ஊரில் ஓடுகிற காரில் எப்படி இதை எழுத மனசு வந்ததோ!

1970 செப்டம்பரில் ஓகினாவாவின் இதோமான் ஊரில், அமெரிக்கப் படைவீரர் ஒருவர் ஓட்டிய காரில் அடிபட்டு ஒரு பெண் இறந்தார். டிசம்பரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் அந்தப் படைவீரரை விடுவித்துவிட்டது. உள்ளூர் நீதிமன்றத்துக்கு அவரை விசாரிக்கும் அதிகாரமே கிடையாது. அந்தக் கோபம் ஆறுவதற்குள், டிசம்பர் 20 அதிகாலை கோசா நகரில் இன்னொரு அமெரிக்கரின் கார் ஒருவரை இடித்தது. கூட்டம் சேர்ந்தது. ராணுவ போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டதும் மக்கள் கொதித்துவிட்டார்கள்.

விடிவதற்குள் 70க்கும் மேற்பட்ட கார்கள் எரிந்தன. எல்லாம் குருட்டுத்தனமாக நடந்துவிடவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது. மஞ்சள் பிளேட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்துக் கடைகளில் தீ பிடிக்கக் கூடாதென்று கார்களை நடுத்தெருவுக்கு இழுத்துவந்து கொளுத்தினார்கள். யாரும் சாகவில்லை. என்னால் இதை வெறும் கலவரம் என்று சொல்ல முடியாது.

இப்போது ஜப்பானில் அமெரிக்கப் படையினரின் சொந்த கார்களின் நம்பர் பிளேட்டில், வழக்கமான ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துக்குப் பதில் ஆங்கில 'ஒய்' எழுத்து. வாகன வரியிலும் சலுகை உண்டு. பணி நேரத்தில் விபத்து நடந்தால், விசாரிக்கும் முதல் உரிமை இன்றும் அமெரிக்காவுக்குத்தான்.