பங்கைக் காசாகத்தான் வாங்க வேண்டுமா?

"என் பங்கக் காசாத்தான் வாங்கணுமா தம்பி? வீடாவே வச்சுக்க முடியாதா?"

இறந்த கணவரின் வீட்டைப் பற்றிப் பேச எங்கள் லோயர் ஆபீசுக்கு வந்த அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். "முடியும்மா. ஆனா உங்க பேரு, மூனு பிள்ளைங்க பேரு, நாலும் கிராண்ட்ல, அதான் வீட்டு உரிமைப் பத்திரத்துல, ஏறும். பின்னால விக்கிறதுன்னா நாலு பேரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மாட்டேன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று சொன்னேன். அவர் மூத்த மகனைப் பார்த்தார். "கோர்ட்டெல்லாம் வேணாம்ப்பா. வித்துருங்க" என்றார். பக்கத்தில் இருந்த மகள், அந்த வீட்டிலேயே அவரோடு வசிப்பவர், ஒன்றும் பேசவில்லை.

சொன்னதில் சட்டப்படி பிழை கிடையாது. நாளைக்கு வேறொருவர் வந்து கேட்டாலும் இதே விவரங்களைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. லோயர் ஆபீசில் சொத்துக் கோப்புகளைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற முடிவு பெரும்பாலும் எங்கள் மேசைக்கு வெளியேதான் நடக்கும். அன்று மேசையிலேயே நடந்துவிட்டது, அதுவும் நான் பேசி முடித்த மறு நிமிடத்தில்.

கோலாலம்பூர், செந்தூலில் உள்ள தரை வீடு அது. கிராண்ட் இறந்துபோன கணவர் பெயரிலேயே இருந்தது. உயில் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு மலேசியாவின் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வழி சொல்கிறது. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை. கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு ஒரு சதம் அதிகம் கிடையாது, ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு ஒரு சதம் குறைவும் கிடையாது.

இங்கே நான் எப்போதும் முதலில் கேட்பது: "அப்பா இறந்தப்போ அவரோட அம்மா அப்பா யாராச்சும் உயிரோட இருந்தாங்களா?" பலருக்கு இந்தக் கேள்வியே விளங்காது. பாட்டி அன்று உயிரோடு இருந்திருந்தால் கணக்கே வேறு. மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. பாட்டி பிறகு இறந்திருந்தாலும் அந்தக் கால் பங்கு அழியாது. உயில் இல்லாவிட்டால் அது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது சித்தப்பா, அத்தைமார்களுக்கும் போகும். அவர்களில் ஒருவர் போய்ச் சேர்ந்திருந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு. பெயர் மாற்றாமல் இருபது, முப்பது ஆண்டு போட்டுவைத்த வீடுகளில், தீபாவளிக்குக்கூடப் பார்த்துக்கொள்ளாத உறவுகளைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கும்படி ஆவது இதனால்தான். செந்தூல் குடும்பத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. பாட்டி முன்பே போய்விட்டார். ஆனால் இத்தகைய கோப்புகளை நிறையப் பார்த்துவிட்டதால்தான் பல பெயர்கள் ஒரே கிராண்டில் ஏறுவது எனக்கு அச்சம் தருகிறது. அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலில் அந்த அச்சமும் கலந்திருந்தது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. வரிசை வீட்டை மதில் கட்டிப் பிரிக்க முடியாது. நான்கு பேர் பெயரில் இருக்கும் வீட்டின் கூரை மாற்ற, கறையான் மருந்து அடிக்க, சுக்காய் பிந்து (வீட்டு வரி), சுக்காய் தானா (நில வரி) கட்ட, யார் பணம் போடுவது என்று சட்டம் உட்கார்ந்து பேசித் தராது. ஒருவர் கடனில் மூழ்கித் திவாலானால் அவருடைய பங்கு வேறு கைக்குப் போகும். ஒருவர் இறந்தால் அவருடைய பங்குக்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். ஒருவர் தனி கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட்டால், நீக்காதவரை ஆறு ஆண்டு அது கிராண்டில் நிற்கும். இதையெல்லாம் மறைத்து "தாராளமா வச்சுக்குங்கம்மா" என்று சொல்வது நேர்மையா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இன்னொரு வழியும் இருந்தது. அதை அன்று யாரும் பேசவில்லை.

இறந்தவர் விட்டுச்சென்றதன் மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கி, அதில் வீடோ நிலமோ இருந்தால், அது சிறு பூசாக்கா (வாரிசுச் சொத்து). 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஏ படிவத்தோடு இறப்புச் சான்றிதழ், கிராண்ட் நகல், வாரிசுகளின் பிறப்பு, திருமண ஆவணங்களைப் பூசாக்கா அலுவலகத்தில் கொடுத்தால் விசாரணைக்கு நாள் தருவார்கள். வாரிசுகள் அனைவரும் வர வேண்டும். வர முடியாதவர் டிடிஏ படிவத்தில் சம்மதம் எழுதி அனுப்பலாம். அந்த விசாரணை அறையில் ஒரு வாரிசு தன் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுக்கலாம். 2024 ஜனவரி முதல் அப்படி விட்டுக்கொடுத்து எழுதும் பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி வெறும் 10 வெள்ளி. ஆக, மூன்று பிள்ளைகளும் சம்மதித்தால் வீடு முழுவதும் அம்மா பெயருக்கு 10 வெள்ளி முத்திரையில் வந்துவிடும். பின்னாளில் அம்மா ஒரு பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தால், மலேசியப் பிரஜைக்கு முதல் 10 லட்சம் வெள்ளி மதிப்பு வரை முத்திரை வரி விலக்கு.

இந்த வாசல் அந்த ஒரு கட்டத்தில்தான் திறந்திருக்கும். பங்குப்படி நான்கு பெயரும் கிராண்டில் ஏறிய பிறகு, அண்ணன் தங்கைக்கு எழுதிக்கொடுத்தாலும் விற்பனைக்கு உள்ள அதே முத்திரை வரிதான்: முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் 10 லட்சம் வரை 3 விழுக்காடு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள சலுகை உடன்பிறப்புகளுக்கு இல்லை. அதனால் வீட்டை வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பம், பெயர் ஏறுவதற்கு முன்பே யாருக்கு என்று பேசி முடிப்பது நல்லது.

இதை அன்று நான் எடுத்துச் சொல்வது முறையா என்பதில்தான் மனம் இரண்டுபடுகிறது. எங்கள் லோயர் நான்கு வாரிசுகளுக்கும் பொதுவானவர். அம்மாவுக்கென்று தனி லோயர் கிடையாது. அவர் கேட்டது தன் பங்கைப் பற்றி மட்டும். அதற்கு, பிள்ளைகளே உங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுங்கள் என்று என்னைப் போன்ற ஒரு கிராணி (ஆபீஸ் எழுத்தர்) சொன்னால் அது ஒரு பக்கம் சாய்வது. 6 லட்சம் வெள்ளி வீட்டில் பிள்ளைகளின் பங்கு 4 லட்சம். மூத்தவருக்கு வீட்டுக் கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று அவரவர் பாடு அவரவருக்கு. விட்டுக்கொடு என்று சொல்ல நான் யார்? ஆனால் வழி ஒன்று உண்டு என்று சொல்வதும் அதைச் செய் என்று சொல்வதும் ஒன்றா? வழியைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதானே?

விற்பனைக் கணக்கைப் பார்த்தால் மூத்தவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 6 லட்சத்துக்குப் போனால் ஏஜென்ட் கமிஷன் உச்ச அளவாக 3 விழுக்காடு, 18,000 வெள்ளி. அதற்குச் சேவை வரி 8 விழுக்காடு, 1,440. விற்பவர் லோயர் கட்டணம் முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு, மீதி ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, மொத்தம் 7,250. அதற்குச் சேவை வரி 580. கையில் மிஞ்சுவது 572,730. அம்மாவுக்கு 190,910, பிள்ளைகளுக்குத் தலைக்கு ஏறத்தாழ 127,270. இந்தக் கோப்பில் சொத்து ஆதாய வரி இல்லை. சொத்து கைக்கு வந்த ஆறாவது ஆண்டிலிருந்து பிரஜைகளுக்கு அது 2022 முதல் பூஜ்யம். வரி இல்லை என்றாலும் அந்த வரிக்கான சிகேஎச்டி படிவத்தை வரி அலுவலகத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். அனுப்பாமல் விட்டால் வாங்குபவர் பிடித்துக் கட்டும் 3 விழுக்காட்டைத் திரும்பப் பெற அலைய வேண்டிவரும்.

மகள் அண்ணன்மார் இருவர் பங்கையும் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தால், அவர் தேட வேண்டியது 266,667 வெள்ளி. ஒரே பத்திரமாகப் போட்டால் முத்திரை வரி சுமார் 4,300. முடியாத தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டின் ஒரு பங்கை மட்டும் நம்பிக் கடன் தர வங்கிகள் தயங்கும். அம்மாவும் தன் பங்கை அடமானத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டிவரும். வீட்டை வீடாகவே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர், அந்த வீட்டையே வங்கிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த வயதில் அதைச் செய்யச் சொல்லலாமா?

விற்பனையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பெயர் மாற்றமே ஆகாத வீட்டுக்கு ஏஜென்ட் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் வாங்கிவிடுவார். பூசாக்கா ஆணை வர மாதக்கணக்காகும். அதற்குள் வாங்குபவரின் கடன் கடிதம் காலாவதியாகும், முன்பணத்துக்குச் சண்டை வரும். ஆணை வந்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது. இன்னொன்று, கடனைக் கட்டி முடித்தும் வங்கியிடமிருந்து 16என் படிவம் (அடமான விடுவிப்பு) வாங்கிப் பதியாமல் விட்ட கிராண்ட். கடன் தீர்ந்தது என்று அப்பா சொல்லியிருப்பார். நில அலுவலகத்தில் தேடினால் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) ஒப்புதல் வரைபடம் இல்லையென்றால், வங்கி மதிப்பீட்டாளர் அதை விலையில் சேர்க்காமல் போகலாம்.

வழக்கமான ஒப்பந்தத்தில் 10 விழுக்காடு முதலில், மீதிக்கு மூன்று மாதம், வட்டியோடு மேலும் ஒரு மாதம். சாவி கைமாறுவது மீதிப் பணம் வந்த பிறகு. அதாவது, பல காலம் வாழ்ந்த வீட்டை விட்டு ஒரு தாய் வெளியேறும் நாளைத் தீர்மானிப்பது, வாங்குபவரின் வங்கி பணத்தை விடுவிக்கும் நாள். இந்தக் கோப்பில் சாவி கொடுக்கக் கூடுதல் நாள் கேட்டு ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னேன். லோயர் சேர்த்தார். அம்மாவின் பங்கு அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்குப் போக வேண்டும் என்பதிலும் விடாப்பிடியாக நின்றேன். மூத்தவர் மறுப்புச் சொல்லவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். அம்மாவை அழைத்துப்போய் வைத்துக்கொள்ளவும் செய்தார்.

வீடு விற்றது. பங்குகள் சதம் பிசகாமல் பிரிந்தன.

அதன்பின் கேட்கும் வரிசையை மாற்றிக்கொண்டேன். விலை, பங்கு எதையும் பேசுவதற்கு முன், இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கிறேன். பதிலை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். மூன்று வழிகளையும் ஒரே தாளில் எழுதி, கோர்ட் என்ற சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, எல்லார் கையிலும் ஒரு பிரதி கொடுக்கிறேன். இது சரியான வரிசை என்று நம்புகிறேன். ஆனால் இந்த வரிசையில் பேசி, விற்காமல் நான்கு பெயரிலேயே வைத்துக்கொண்ட ஒரு குடும்பம் ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, செலவை யார் ஏற்பது என்று ஆபீசுக்கு அழைப்பு வந்துகொண்டேயிருக்கிறது. பங்கு விகிதப்படி செலவைப் பிரித்து எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள் என்று தாள் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். மூவர் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நான்காமவர் நேரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்கிறார்.