பால் நிற மருந்து

"பாலையா தம்பி ஊசில ஏத்துறீங்க?" ஆபரேஷன் டேபிளில் படுத்தபடி பாட்டி கேட்டார்.

புரோபோஃபால் என்ற மயக்க மருந்து. சோயா எண்ணெய்க் குழம்பில் கலந்து வருவதால்தான் அந்த வெண்மை.

"கை லேசா எரியும் பாட்டி. பேரன் பேரு என்ன?"

"கதி..."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இமையோரம் தொட்டேன், அசைவில்லை. மூச்சும் நின்றது. மாஸ்க்கைப் பொருத்திப் பையை அழுத்தினேன்.

நரம்புகளை அமர்த்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மருந்து மூளையில் கூட்டிவிடுகிறது. ஆனால் அங்கே தங்காது. சில நிமிடங்களில் தசைக்கும் கொழுப்புக்கும் நகர்ந்துவிடும். உடல் அதை முழுசாகச் சிதைக்கும் முன்பே மூளை விழித்துக்கொள்ளும். அதனால் உடனே வாயு மருந்தைத் தொடர்கிறோம்.

எத்தனை வருடமானாலும் அந்தப் பாதிப் பெயர் என்னை உலுக்குகிறது.

மதியம் மறுபடி கேட்டேன்.

"கதிரவன். அப்பவே சொன்னேனே தம்பி."