நான்கு பவுண்டு குறைவு

கோவையில் கல்லூரி படித்த நாட்களில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலி ஓரமாக நின்று ரேஸ் பார்த்தவன் நான். ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தது, காசு இல்லை. கொஞ்சம் காசு சேர்ந்தபோது வயது நாற்பத்தொன்று, குடியிருப்பு கலிபோர்னியா. அங்கே ஒரு பருவம் முழுக்க ஸ்பெக் மியாட்டா ஓட்டிய கதை இது.

என்ன கார் என்பதில் குழப்பமே வரவில்லை. 1989-இல் அறிமுகமான மாஸ்டா மியாட்டா, இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதன் முதல் இரண்டு தலைமுறைக் கார்களை மட்டும் வைத்து நடக்கும் பந்தயம்தான் ஸ்பெக் மியாட்டா. எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்துகிறது. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், டயர் எல்லாம் விதிப்புத்தகம் சொல்வதைத்தான் போட வேண்டும். சில ஆண்டுக் கார்களில் இன்ஜினின் இழுவை அதிகம் என்றால், காற்று போகும் வழியில் துளையிட்ட தகடு ஒன்றை வைத்து மூச்சைப் பிடித்துவிடுவார்கள். எடையிலும் ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் உண்டு. நான் வாங்கியது 1999-ஆம் ஆண்டு வண்டி; கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு (ரோல் கேஜ்) ஏற்கெனவே பற்றவைத்து, மூன்று பேர் கை மாறி வந்தது. அதற்கான குறைந்தபட்ச எடை 2,400 பவுண்டு, கிட்டத்தட்ட 1,090 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து, ரேஸ் முடிந்து வந்த நிலையில். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வரும்.

லைசென்ஸ் வாங்குவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம், டிராக்கில் பயிற்சிப் பள்ளி, பிறகு புதியவர் என்ற அனுமதியோடு சில ரேஸ்கள். பணம் கரைந்தது மற்ற சாமான்களில். தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் பட்டை, கார் இழுத்துப்போக டிரெய்லர், டிரெய்லர் இழுக்க ஒரு பழைய பிக்கப். கார்தான் இருப்பதிலேயே மலிவு என்று மனைவியிடம் சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

முதல் ரேஸ் வில்லோஸ் ஊருக்கு வெளியே தண்டர்ஹில்லில். மூன்று மைல் சுற்று, பதினைந்து வளைவுகள். இரண்டிரண்டு பேராக ஊர்ந்து வந்து, பச்சைக் கொடி விழுந்ததும் முப்பது கார்கள் ஒரே நேரத்தில் மிதிக்கும். எல்லார் வண்டியும் ஒன்றுபோல இருப்பதால் யாரும் யாரையும் விட்டுப் பிரிய மாட்டார்கள். தனியாக ஓடும் காரைவிட, முன்னால் போகிற காரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு ஓடும் கார் வேகம். பின்னால் இருப்பவர் பம்பரைத் தொட்டுத் தள்ளினால் இருவருமே வேகம். நேர்ப்பாதையில் இப்படிக் கோத்துக்கொண்டு போய், வளைவுக்கு முன்னால் எல்லாரும் ஒரே இடத்துக்கு ஆசைப்படும்போதுதான் தகடு நசுங்கும். இந்தப் பந்தயத்துக்கு 'ஸ்பெக் பின்யாட்டா' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. பின்யாட்டா என்பது மெக்சிகோக்காரர்களின் உறியடி மாதிரி. ஆளாளுக்குக் கம்பால் அடிப்பார்கள். அன்று நான்தான் பானை. வலது கதவு, பின் பம்பர், ஒரு கண்ணாடி. முப்பதில் இருபத்தெட்டாவதாக வந்தேன். மற்ற இரண்டு பேர் முடிக்கவேயில்லை.

என் சுற்று 2 நிமிடம் 11 விநாடி. முன்னால் ஓடுகிறவர்கள் என்னைவிட நான்கு விநாடிக்கு மேல் வேகம். இன்ஜின் வீக் என்று முடிவு கட்டினேன். காசுள்ளவர்கள் நல்ல கைகளில் கொடுத்து விதிக்குள்ளேயே இன்ஜினைச் செதுக்கிக் கொண்டுவருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். என்னுடையது எண்பதாயிரம் மைல் ஓடிய பழைய இன்ஜின். கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் பேடாக்கில் என் பக்கத்தில் டெண்ட் போட்டிருந்த பெரியவரிடம் இதைப் புலம்பினேன். எழுபதை நெருங்குகிற மனிதர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த முறை வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் என் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். 2 நிமிடம் 8. என் டயரில், என் பழைய இன்ஜினில், அவர் உயரத்துக்குப் பொருந்தாத என் சீட்டில்.

"உங்க இன்ஜின்ல ஒண்ணும் குறை இல்லையே" என்றார், ரொம்ப மரியாதையாக. திட்டியிருந்தால் தேவலை.

பலவகைக் கார்கள் ஓடும் பந்தயத்தில் தோற்றவன் வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். இங்கே அது கிடைக்காது. அன்று ராத்திரி இரண்டு பேர் ஓட்டிய பதிவையும் லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். பிரேக் போடும் இடத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. எனக்கு அதில்தான் கர்வம். எட்டாம் வளைவு வேகமான இடது திருப்பம். அங்கே அவர் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து லேசாக எழும்பி இறங்குகிறது. நான் பயந்து முழுசாக எடுத்துவிடுகிறேன். ஒன்பதாம் வளைவின் மேட்டில் ஏறும்போது அந்தப் பக்கம் பாதை தெரியாது. அவர் தெரிந்த மாதிரி போகிறார், நான் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன். சக்தி குறைந்த காரில் ஒருமுறை இழந்த வேகத்தைத் திரும்பச் சேர்க்க அரை மைல் ஆகிறது. அந்த எட்டாம் வளைவுக்காக மட்டும் மூன்று வார இறுதிகள் செலவழித்தேன்.

நடுவில் சோனோமா டிராக்கில் ஒரு பாடம். பிரேக் பெடல் சில சமயம் பாதி தூரம் வெறுமனே உள்ளே போய்ப் பிறகு பிடித்தது. பிரேக் ஆயிலில் காற்று புகுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை அதை வெளியே எடுத்தேன். கடைசியில் பார்த்தால் முன்சக்கர ஹப் பேரிங். தெருவுக்காகச் செய்த சாமானில் ரேஸ் டயரைப் போட்டுக் கசக்கினால் அது தேய்ந்து ஆடும். அந்த ஆட்டம் பிரேக் பேடைப் பின்னால் தள்ளிவிடும், அதனால்தான் பெடல் காலியாகப் போகிறது. கையால் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். ஞாயிறு ரேஸ் போனது. அதன்பிறகு ஹப்பையும் டயர் மாதிரி தீரும் சரக்காகவே நினைத்து டிரெய்லரில் இரண்டு உபரியாக வைத்துக்கொண்டேன்.

கோடையில் மறுபடியும் தண்டர்ஹில். வில்லோஸ் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் மூன்றடுக்கு உடைக்குள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். வயிறு புரட்டும் என்று பயந்து காலையில் சாப்பிடவில்லை. பெட்ரோலும் கணக்காகத்தான் ஊற்றினேன், கார் லேசாக இருக்கட்டும் என்று. எட்டாம் வளைவு அன்று வசப்பட்டது. கடைசிச் சுற்றில் இரண்டு பேரின் காற்று மறைவில் போய், கோட்டுக்கு முன் ஒருவரைத் தாண்டி ஒன்பதாவது இடம். ஹெல்மெட்டுக்குள் கத்தினேன்.

முடிந்ததும் கார்களை நேராகச் சோதனைக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். அதுவரை காரை யாரும் தொடக்கூடாது. நான் சீட்டில் இருந்தபடியே தராசில் ஏறினேன். 2,396. அதிகாரியாக இருந்த அம்மா நான் கேட்டதற்காக இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தார். 2,396. நான்கு பவுண்டு குறைவு, முடிவுப் பட்டியலிலிருந்து நீக்கம். வாதாட ஒன்றுமில்லை, எடை குறைந்த காரை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். வியர்வையாக எத்தனை போச்சோ, தெரியவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"காலைல இட்லி வச்சு அனுப்பினேனே, சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"நாலு பவுண்டுன்னா எத்தனை இட்லி?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "நாற்பது வரும்."

"சரி, நாலாவது சாப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

அப்புறம் ஜிம்மில் தூக்குகிற பத்துப் பவுண்டு இரும்புத் தட்டு ஒன்றை வாங்கி, பக்கத்து சீட் இருந்த இடத்தில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினேன். விதி அதை அனுமதிக்கிறது.

பருவத்தின் கடைசி ரேஸ் லகூனா செகா. அங்கே சத்தத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பாதையோரம் அளவுக்கருவி வைத்திருப்பார்கள். அதனால் சைலன்ஸர் வாயை வேறு பக்கம் திருப்ப ஒரு வளைந்த குழாய் மாட்ட வேண்டியிருந்தது. அங்கே இருக்கும் கார்க்ஸ்க்ரூ என்ற வளைவு பற்றி எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள்: ஏறி வந்து, வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இடதுபுறம் திருப்ப, பாதை சட்டென்று கிட்டத்தட்ட 18 மீட்டர் கீழே விழும். தூரத்து ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள் என்றார் வாத்தியார். எந்த மரம் என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள்தான் என் மரம் எனக்குக் கிடைத்தது. உண்மையில் என்னை அலைக்கழித்தது அது இல்லை, முதல் வளைவு தாண்டி வரும் இரட்டைத் திருப்பம். அங்கே பொறுமையில்லாமல் மிதித்து, வெளியேறும்போது ஒவ்வொரு முறையும் மண்ணில் சக்கரம் வைத்தேன்.

முப்பத்தொன்றில் பதினான்காவது. வாத்தியார் பதினோராவது. கார் நசுங்கவில்லை.

தராசில் ஏறி இறங்கிய கையோடு மனைவிக்குப் போன் போட்டேன். எத்தனாவது என்று அவள் கேட்கவில்லை.

"எடை?"

"2,411."

"இட்லி?"

"ஆறு."