எரிச்சல் நின்ற கால்

"ரணத்தோட குண்டம் இறங்கக் கூடாதுங்கம்மா" என்று காலைக் காட்ட வந்த அந்தம்மாவிடம் சொன்னேன். குண்டம் என்றால் எங்கள் பக்கம் தீமிதி. என் மாமியார் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அந்தம்மாவின் ஊரில் உண்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அது பொய்யில்லை என்று இப்போதும் வாதாட முடியும். ஆனால் நான் சொன்னது வழக்கத்தைக் காப்பாற்றுவதற்காக இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பங்குனி பிறந்தாலே சத்தியமங்கலம் பக்கம் பேச்செல்லாம் குண்டம்தான். பண்ணாரியில் இறங்குவதற்கு முந்தின நாளே போய் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்கள் இறங்கி முடித்ததும் ஆடு மாடுகளையும் இறக்குவார்கள். அதையொட்டி சின்னச் சின்ன ஊர்களிலும் மாரியம்மன் நோம்பி வரும். சர்க்கரைக்காரர்களின் பாதத்தைப் பார்க்கும் நர்ஸுக்கு அது நிம்மதியான மாதம் இல்லை.

அந்தம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுக்கொண்டு வந்தேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. உணர்ச்சி உள்ள கால் என்றால் "ம்" என்று சொல்லிவிடுவார்கள். வலது கால் முடிந்து இடது காலும் பாதி ஆகிவிட்டது. "ஏங்கண்ணு, எப்ப ஆரம்பிப்ப?" என்றார்.

பல வருஷமாக அவருக்குக் காலெரிச்சல். சூடு என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியானால் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, வெறும் சிமெண்ட் தரையில் காலை வைத்துப் படுப்பாராம். அப்புறம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் நின்றுவிட்டது. அதற்கு நேர்த்திக்கடனாகத்தான் வருஷா வருஷம் குண்டம். "நெருப்புலகூட சுடறதில்ல பாரு" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினார். குதிகாலில் வாய் பிளந்த வெடிப்பு, அதில் லேசாக ரத்தம். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சர்க்கரையில் முதலில் நரம்பு எரியும், குத்தும், மதமதக்கும். போகப்போக முழுசாகவே மரத்துவிடும். எரிச்சல் நின்றதைக் குணம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சரி, குண்டத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கால் வேகுவதில்லை என்பதும் உண்மைதான். கரி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, மேலே சாம்பல் படிந்திருக்கும், கால் படுவதும் நொடிப்பொழுது. ஆனால் வெடிப்பில் ஒரு கங்கு ஒட்டிக்கொண்டால் மற்றவர்கள் உதறிவிடுவார்கள், இவருக்கு அது இருப்பதே தெரியாது.

"நரம்பு போச்சு, அருளெல்லாம் இல்லைனு சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். அவருக்கு என்ன, எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்த வார்த்தையை அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். எரிச்சல் நின்றது வியாதி முற்றியதால்தான் என்று சொன்னால், அம்மன் கேட்கவே இல்லை என்று சொன்ன மாதிரி. சொன்னாலும் நம்பியிருப்பாரா? நெருப்பில் நடந்து காட்டியவர் அவர், நான் நைலான் இழையை வைத்துக்கொண்டு நின்றவள். அதனால்தான் ரணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் உடனே கேட்டார், "அப்ப அம்மன் வேண்டாங்குதா?"

"இந்த வருசம் வேண்டாங்குதுனு வெச்சுக்கங்கம்மா."

இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ரணம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மனின் வாயில் வார்த்தையை வைத்தேன். ஆனால் அந்த வருஷம் அவர் இறங்கவில்லையே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். கைகால் குறைந்துபோவதற்கு முக்கியக் காரணம் உணர்ச்சி போய்விடுவது, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் படுகிற காயங்கள் என்று எடுத்துக்காட்டியவர். அதுவரை மக்கள் அதைச் சாபம், பாவம் என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்காக வேலூரில் உருவான, எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்றைக்கு நாங்கள் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதித் தருகிறோம். கால் மரத்துப்போனதைச் சாபம் என்று நினைத்தவர்களிடம் அது வியாதி என்று சொல்வது ஆறுதல். வரம் என்று நினைக்கிற இவரிடம் அதையே எப்படிச் சொல்வது?

சில மாதம் கழித்து மருமகள் கூட்டிக்கொண்டு வந்தாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணி சுற்றி, வீட்டில் யாருக்கும் காட்டாமலே வைத்திருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். "ரணம் வந்தா அம்மனுக்கு ஆகலைனுதான அர்த்தம். வெளிய சொல்ற சங்கதியா அது?" என்றார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

என்னால்தான் என்று சொல்லிவிட முடியாது. குண்டத்துக்கே போகாதவர்களும் விரல் கறுத்த பிறகுதான் வருகிறார்கள், வலிக்காத புண்ணுக்கு யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்? குண்டம் இறங்கியிருந்தால் பாதமே போயிருக்கலாம். இந்தக் கணக்கைப் பகலில் போட்டால் சரியாக வருகிறது, ராத்திரி படுத்தால் உதைக்கிறது.

போன பங்குனிக்கு முன்னால் செக்கப்புக்கு வந்திருந்தார். எம்சிஆர் செருப்பு, தினமும் எண்ணெய் தடவிய குதிகால், வெடிப்பு ஒன்றுகூட இல்லை. சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ரணம் நல்லா ஆறிப்போச்சில்ல கண்ணு?"

"ஆறிருச்சுங்கம்மா."

"அப்ப இந்த வருசம் இறங்கலாமில்ல?"

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் அன்றைக்கு லீவு.